தள்ளுமேசைக் கணினியும் மீனாவின் காய்ச்சலும்

போன வாரம் இளம் டாக்டர்களான உங்களில் ஒருவர், பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன், என்னிடம் வந்து கையிலிருந்த திரையைக் காட்டினார். குழந்தையின் வயது, காய்ச்சல், இருமல், மூச்சு வாங்குகிறதா என்பதையெல்லாம் தட்டினால், ஆண்டிபயாடிக் கொடுக்கலாமா வேண்டாமா என்று அது சொல்லிவிடுமாம். "உங்க காலத்துல இதெல்லாம் இல்லைல்ல டாக்டர்?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் பாவம் பார்க்கிற தொனி வேறு.

"இருந்துச்சு தம்பி. சக்கரம் வெச்ச மேசையில உருண்டு வரும்" என்றேன். கிழவி விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதனால்தான் இன்று உங்கள் எல்லாரையும் உட்கார வைத்து இதைச் சொல்கிறேன். அந்தத் திரைகளைச் சற்று நேரம் கவிழ்த்து வையுங்கள். நான் அவற்றுக்கு எதிரி இல்லை. உங்களுக்கெல்லாம் முன்னால் அவற்றோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

எண்பதுகளின் நடுவில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் கிளினிக் இருந்தது. பக்கத்துக் கடையில் மசாலா அரைப்பார்கள். சளி இல்லாத குழந்தையும் தும்மிக்கொண்டுதான் எங்கள் வாசற்படி ஏறும். நானும் அருள்தாஸ் என்ற டாக்டரும் பங்குதாரர்கள். அவருக்கு இரண்டே பக்திதான். ஒன்று ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. இன்னொன்று, பூசை முடிந்த கையோடு வீட்டில் போய்க் கணினி முன்னால் உட்காருவது.

அந்தக் கணினியை எங்கிருந்தோ வாங்கிவந்து, தானே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். எதற்கு என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் மூக்கு ஒழுகுகிற குழந்தைக்கெல்லாம் ஆண்டிபயாடிக் கொடுத்து அனுப்பினோம். தேவையில்லை என்று படித்த எங்களுக்குத் தெரியும். ஆனால் 'வேண்டாம்' என்று சொன்னால் அந்த அம்மா எழுந்து, நாலு கடை தள்ளி இருக்கும் இன்னொரு கிளினிக்கில் போய் உட்காருவாள். அங்கே கிடைத்துவிடும். ஒரே தெருவில் அத்தனை டாக்டர்கள் இருந்தால் யார்தான் முதலில் 'வேண்டாம்' என்று சொல்வது?

அருள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கணினி கேள்வி கேட்கும். நாம் ஆமாம், இல்லை என்று தட்ட வேண்டும். காது வலியா, வாந்தியா, வலிப்பு வந்ததா, கழுத்து விறைப்பாக இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் பச்சை எழுத்தில் தீர்ப்பு சொல்லும். ஆண்டிபயாடிக் கொடு, அல்லது கொடுக்காதே, அல்லது உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. மாதக்கணக்கில் புத்தகங்களைப் புரட்டி எழுதினார் மனிதர். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலைதான். இருந்தது ஒரே கணினி என்பதால் அதைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்து ஓர் இரும்புத் தள்ளுமேசையில் ஏற்றி, அவர் அறைக்கும் என் அறைக்கும் மாற்றி மாற்றி உருட்டிக்கொண்டிருந்தோம்.

'வேண்டாம்' என்று வந்தால் திரையை அம்மாக்கள் பக்கம் திருப்பிக் காட்டுவது எங்கள் வழக்கம். "பாருங்கம்மா, மிஷினே சொல்லுது" என்போம். நாங்கள் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள், மிஷின் சொன்னால் வாயை மூடிக்கொள்வார்கள். மருந்துக் கவுண்டரில் ஆண்டிபயாடிக் பாட்டில்கள் அலமாரியிலேயே தங்க ஆரம்பித்தன. அருள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். எனக்கும் பெருமைதான்.

செல்வராணி எங்களிடம் வருவதற்கு ஊரின் வடகோடியில் இருந்த ஈசூனிலிருந்து பஸ் மாறி வர வேண்டும். முன்பு எங்கள் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு மாடியறையில் குடியிருந்தவள். புது பிளாட் கிடைத்துப் போனபிறகும் எங்களை விடவில்லை. கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஒன்றரை வயதில் ஒரே மகள், மீனா. பல வருஷம் காத்திருந்து பெற்ற குழந்தை.

மீனாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என் ஜென்மத்தில் அப்படியொரு அலறலைக் கேட்டதில்லை. காது பார்க்கிற விளக்கை நான் கையில் எடுத்தாலே போதும், கூரை இடிந்து விழும். காலால் உதைப்பாள், என் கண்ணாடியைப் பிடுங்குவாள். வெளியே காத்திருப்பவர்கள், "ஐயோ, உள்ள என்னா பண்றாங்க அந்தப் பிள்ளைய?" என்று எழுந்து நிற்பார்கள். அவளைக் கண்டாலே நான் கண்ணாடியைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துவிடுவேன்.

ஒரு நாள் செல்வராணி மீனாவைச் சளியும் காய்ச்சலுமாகக் கொண்டுவந்தாள். வழக்கம்போல் உதை, அலறல். நன்றாகப் பார்த்தேன். சாதாரண வைரஸ் காய்ச்சல். கணினியும் வேண்டாம் என்றது. நானும் வேண்டாம் என்றேன், திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"இவ்ளோ தூரம் வந்திருக்கேன் டாக்டர். ஏதாச்சும் நல்ல மருந்தா குடுத்தீங்கன்னா..." என்று இழுத்தாள்.

"நல்ல மருந்துதாம்மா குடுத்திருக்கேன். காய்ச்சல் மருந்து போதும். மிஷினும் அதான் சொல்லுது பாரு."

திரையைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. "சரிங்க டாக்டர்" என்று எழுந்து போனாள். அன்றைக்கு நாங்கள் சொன்னது சரிதான், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த 'சரிங்க டாக்டர்' என்ன மாதிரி சரி என்று நான் நின்று யோசிக்கவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் செவ்வாயோ புதனோ, மறுபடி வந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டதாம், இப்போது திரும்ப வந்திருக்கிறதாம். இரண்டு தடவை வாந்தி. சாப்பாடு இறங்கவில்லை. தள்ளுமேசை அன்று என் அறையில் இருந்தது. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன், தட்டினேன். வலிப்பு இல்லை. கழுத்தை மெதுவாக மடக்கிப் பார்த்தேன், மடங்கியது. பச்சை எழுத்தில் தீர்ப்பு வந்தது. ஆண்டிபயாடிக் தேவையில்லை, இரண்டு நாள் கழித்துப் பார்க்கவும்.

வெளியே உட்கார இடமில்லாமல் கூட்டம். திரையைத் திருப்பக் கை போயிற்று. காதை மட்டும் பார்த்துவிடலாமே என்று விளக்கை எடுத்தேன். மீனாவின் தலையைப் பிடித்து, ஒரு காது பார்த்தேன். மறுபக்கம் திருப்பி இன்னொரு காதும் பார்த்தேன். விளக்கை மேசையில் வைத்தபோதுதான் உறைத்தது. கழற்ற மறந்த கண்ணாடி என் முகத்திலேயே இருக்கிறது. இந்தப் பிள்ளை என்னை உதைக்கவே இல்லை.

குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. அப்போதுதான் சட்டையில் குத்தியிருந்த கைக்குட்டையைக் கவனித்தேன். ஓரத்தில் இளஞ்சிவப்பாகக் கறை. எங்கள் கிளினிக்கில் அந்த நிறத்தில் எந்த மருந்தும் கிடையாது.

"வேற டாக்டர்கிட்ட போனியாம்மா?"

"இல்லைங்க டாக்டர்."

"யாராச்சும் மருந்து குடுத்தாங்களா? பக்கத்து வீட்ல?"

"இல்லைங்க."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் தோளுக்குப் பின்னால் இருந்த கணினியைப் பார்த்துச் சொன்னாள். அடுத்த தட்டலுக்குக் காத்திருக்கும்போது அதன் திரையில் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் விட்டு விட்டு மின்னும். அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்வராணி, நான் கோவிச்சுக்க மாட்டேன். பிள்ளைக்காகக் கேக்கறேன்."

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு இல்ல டாக்டர்..." என்றவள் குரலை இறக்கிக்கொண்டாள். "அதுல ஏறிட்டா அழிக்கவே முடியாதாம்லா. எல்லா கம்ப்யூட்டரும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்காம். என் வீட்டுக்காரர்தான் சொன்னாரு. டாக்டர் மாத்தி டாக்டர் போறவன்னு எம்பேரு ஏறிட்டா, நாளைக்கு எந்த கிளினிக்ல எம்பிள்ளைய பாப்பாங்க?"

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அப்போது ஊரில் ஒவ்வோர் ஆபீஸாகக் கணினி வந்துகொண்டிருந்தது. எங்கே போனாலும் 'கம்ப்யூட்டர்ல உங்க பேரு இருக்கு', 'கம்ப்யூட்டர்ல உங்க பேரு இல்ல' என்றுதான் ஜனங்களிடம் பேசினார்கள். அருளின் தள்ளுமேசை அடுத்த அறைக்குப் போவதற்கே ஆள் தள்ள வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அதைக்கூட நாங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லையே. 'மிஷினே சொல்லுது' என்று சொல்லிச் சொல்லி அதற்கு ஒரு பெரிய மீசையை ஒட்டிவைத்தது நாங்கள்தான்.

விளக்கம் சொல்ல நேரமில்லை. சொன்னாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். நான் எழுந்து போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். பச்சைத் திரை ஒரு புள்ளியாகச் சுருங்கிக் கறுத்தது. தள்ளுமேசையைக் காலால் உதைத்து மூலைக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டேன்.

"போச்சு. செத்துருச்சு. இப்ப நீயும் நானும்தான். சொல்லு."

அழுதுகொண்டே சொன்னாள். போன வாரம் எங்களிடமிருந்து வெளியே வந்தவள் நேராக இன்னொரு கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒரு மருந்து கொடுத்தார்கள். என்ன மருந்து? தெரியாது. அந்தக் காலத்தில் கிளினிக் பாட்டில்களில் மருந்தின் பெயரை எழுத மாட்டோம். எத்தனை ஸ்பூன், எத்தனை வேளை, அவ்வளவுதான்.

"பாட்டில்ல தூளா இருந்துச்சா? தண்ணி ஊத்திக் கலக்கிக் குடுத்தாங்களா?"

"ஆமாங்க டாக்டர். பிரிட்ஜ்ல வைக்கச் சொன்னாங்க. முழுசா முடிக்கணும்னாங்க. ரெண்டு நாள்ல பிள்ள நல்லா ஆயிட்டா. மருந்து வீணாப் போவுதேன்னு நிப்பாட்டிட்டு, மிச்சத்த அடுத்த தடவைக்குன்னு பிரிட்ஜ் கதவுல வெச்சேன். நேத்து காய்ச்சல் வந்ததும் மறுபடி ரெண்டு வேளை குடுத்தேன்."

ஆண்டிபயாடிக்தான். சந்தேகமே இல்லை. மூளைக் காய்ச்சல் ஒன்று உள்ளே ஆரம்பித்திருந்தால், இந்த அரைகுறை மருந்து அதைக் கொல்லாமல் முகத்தை மட்டும் மூடி வைத்திருக்கும். அந்த நோயின் அடையாளமான கழுத்து விறைப்பு இல்லாததை நம்ப முடியாது. கணினி பாவம், தனக்குச் சொல்லப்பட்டதை வைத்துச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தது. சொல்லப்படாதது அவள் மடியில் கைக்குட்டைக் கறையாக இருந்தது.

கதவைத் திறந்து அருளைக் கூப்பிட்டேன். "என் பேஷண்ட் எல்லாரையும் நீங்க பாருங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். முதலில் கண்ணில் பட்டது மூலையில் கிடந்த கணினி. "ஐயோ, ஆஃப் பண்ணிட்டீங்களா? காலையிலேர்ந்து போட்டது எதையும் நான் சேவ் பண்ணலையே!"

"தலையில அடிச்சுக்க அப்புறம் நேரம் இருக்கு. டாக்ஸி கூப்பிடுங்க."

அவர் அப்போதுதான் குழந்தையைப் பார்த்தார். வெள்ளை அங்கியோடு சாலைக்கு ஓடி டாக்ஸியை மறித்தார்.

டாக்ஸியில் செல்வராணி மீனாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையின் மூச்சைப் பார்த்தபடியே வந்தேன். பாதி வழியில் கேட்டாள், "நான் கெட்ட அம்மாவா டாக்டர்?"

"கெட்ட அம்மாவா இருந்தா ஈசூன்லேர்ந்து பஸ் மாறி வந்திருப்பியா? வீட்லயே படுக்கப் போட்டிருப்ப. அழாத. பிள்ளையோட பேசிக்கிட்டே வா."

பேசினாள். மீனா திரும்பவில்லை. பல பிள்ளைகளைப் பார்த்தவள்தான் நான். இருந்தாலும் அந்த டாக்ஸியில் நான் டாக்டராக உட்கார்ந்திருக்கவில்லை. 'கத்துடி, ஒரு தடவை கத்து' என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த டாக்டர் உங்கள் வயதுக்காரர். நல்ல பையன், களைத்திருந்தான். கழுத்தைப் பார்த்தான். "நெக் சாஃப்ட்டா இருக்கு டாக்டர். ஃபீவர் ரொம்ப இல்ல. அட்மிட் பண்ணி வாட்ச் பண்ணலாமே, காலையில சீனியர் வந்ததும் முடிவு பண்ணலாம்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நான் கூடப் போகாமல் ஒரு சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால், செல்வராணி அங்கேயும் ஒரு கணினியைத் தேடிக் கண்ணை ஓட்டிவிட்டு, 'வேற எங்கயும் போகலைங்க' என்றுதான் சொல்லியிருப்பாள்.

"இந்தப் பிள்ளை உள்ள பாதி ஆண்டிபயாடிக் இருக்கு தம்பி. நீ பாக்கறது அசல் முகம் இல்ல. முதுகுத்தண்டுல நீர் எடு. நான் பொறுப்பு."

என் முகத்தைப் பார்த்தான். எடுத்தான். தெளிவாக வர வேண்டிய நீர் கலங்கலாக வந்தது. அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊசி மருந்துக்கு ஓடினான். அந்த ஓட்டத்தை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

மீனா பிழைப்பாளா என்பது சில நாட்கள் வரை யாருக்கும் தெரியவில்லை. கிளினிக் முடிந்ததும் நான் போய்ப் பார்ப்பேன். அவள் அப்பா ஷிஃப்ட் முடித்து வேலை உடுப்போடு வந்து கட்டிலோரம் நிற்பார். "ஏன் வேற டாக்டர்கிட்ட போன?" என்று அவர் மனைவியை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்காகவே அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை. பிறகு காய்ச்சல் இறங்கியது. பால் குடித்தாள். பேர் சொன்னால் திரும்பினாள். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து கூப்பிட்டால் மட்டும்தான். இன்னொரு காதில் கேட்பது குறைந்துவிட்டது. அது திரும்பி வரவில்லை.

இதற்கிடையில் அருள் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கணினியை அணைத்த கோபம் என்று நினைத்தேன். அதில்லை. "நான் எழுதினது ஒரு பிள்ளைய வீட்டுக்கு அனுப்பப் பார்த்துச்சே" என்று ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே சொன்னார். கண் கலங்கியிருந்தது. அந்த ஞாயிறு உட்கார்ந்து புதுக் கேள்வி ஒன்றைச் சேர்த்தார். 'வேறு டாக்டர் மருந்து கொடுத்தாரா?'

ஒரு மாதம் ஓடியது. அருள் வந்து தலையைச் சொறிந்தார். "என்னங்க இது, ஒருத்தர்கூட ஆமான்னு சொல்ல மாட்டேங்கிறாங்க?"

எனக்கு வந்த சிரிப்பில் புரையேறிவிட்டது. எந்த அம்மா ஒரு டாக்டர் முகத்துக்கு நேராக, 'உங்கள் மேல் நம்பிக்கை இல்லை, வேறு ஆளிடம் போனேன்' என்று சொல்வாள்? அதுவும் பச்சைக் கண்ணை மின்னிக்கொண்டு ஒரு மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது?

பிறகு இருவரும் யோசித்து ஒரு முறை வைத்துக்கொண்டோம். தள்ளுமேசை உள்ளே வருவதற்கு முன்னாலேயே, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, ஊர்க்கதை பேசுகிற மாதிரி கேட்போம். "வீட்டு பிரிட்ஜ் கதவுல என்னென்ன மருந்தும்மா இருக்கு?" அவ்வளவுதான். அதில் குற்றம் சாட்டுகிற வார்த்தையே இல்லை பாருங்கள். மடை திறந்த மாதிரி கொட்டுவார்கள். அக்கா மகனுக்கு வாங்கியது, போன தடவை மிஞ்சியது, கோயிலில் பார்த்த சிநேகிதி கொடுத்தது, எல்லாம் வரும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கணினியை உருட்டிவரச் சொல்வோம். வேண்டாம் என்று வந்தால், திரையைத் திருப்புவதை விட்டுவிட்டோம். ஏன் வேண்டாம், எது நடந்தால் உடனே வர வேண்டும் என்று எங்கள் வாயால் சொன்னோம். நேரம் பிடித்தது. கூட்டம் முணுமுணுத்தது. நாலு கடை தள்ளிப் போகிறவர்கள் குறைந்தார்கள்.

உங்கள் கையில் இருப்பது அருளின் கணினியைப் போல நூறு மடங்கு கெட்டிக்காரக் கருவி. அது சொல்வதைக் கேளுங்கள். பல சமயம் உங்களைவிட அதுதான் சரியாக இருக்கும், ரோஷப்படாதீர்கள். ஆனால் அதற்குப் பதில் தட்டுவது உங்கள் விரல். அந்த விரலுக்குச் செய்தி வருவது, உங்களைக் கண்டு பயந்துபோன ஓர் அம்மாவின் வாயிலிருந்து. அவள் எதைப் பார்த்துக்கொண்டு பேசுகிறாள் என்று முதலில் கவனியுங்கள்.

செல்வராணி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் கிளினிக்குக்கு வந்தாள். அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் கணினியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி ஓரமாகத் தள்ளி வைத்திருந்தேன். உள்ளே வந்தவள் மீனாவை என் மடியில் இறக்கிவிட்டு, கூடையிலிருந்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து மேசையில் அடுக்கினாள். பிசுபிசுவென்று ஒட்டும் பாட்டில்கள், பாதி, கால், அடிவண்டல். பிரிட்ஜ் கதவையே கழற்றிக் கொண்டுவந்த மாதிரி இருந்தது.

"அத ஏன் டாக்டர் மூடி வெச்சிருக்கீங்க? தொறங்க" என்றாள்.

"வேணாம்மா. உனக்குப் பிடிக்காதுல்ல."

"தொறங்க டாக்டர். எல்லாத்தையும் சொல்றேன், ஒண்ணு விடாம போட்டுக்குங்க. எம்பேரும் ஏறட்டும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள், "இப்படி ஒருத்தி மறைச்சா, பிள்ளைக்கு ஒரு காது போச்சுன்னு அதுக்குத் தெரியட்டும். வேற பிள்ள வரும்போது கேக்கும்ல?"

துணியை எடுத்தேன். சுவிட்சைப் போட்டேன். பச்சைக் கட்டம் மின்ன ஆரம்பித்தது. காதைப் பார்த்துவிடுவோம் என்று, கண்ணாடியைக் கழற்ற மறந்து விளக்கைக் கையில் எடுத்தேன்.

மீனா விளக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரே உதை. கண்ணாடி சுவரோரம் போய் விழுந்தது. பிறகு வந்தது பாருங்கள் அந்த அலறல், மசாலாக் கடைக்காரரே எட்டிப் பார்த்திருப்பார். செல்வராணி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

பக்கத்து அறையிலிருந்து அருள், "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று கத்தினார். "ஒண்ணும் ஆகல, எல்லாம் நல்லா இருக்கு" என்று நானும் திரும்பக் கத்தினேன். அவர் காதில் விழவில்லை. மீனா அவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.